கரண்ட் வந்தா என்ன ஆகும்?

"கரண்ட் போனா?"

"போனா ஒண்ணும் ஆகாது. உள்ளே ஒரு பேட்டரி இருக்கு. காசு அளவுதான், ஆனா நாலஞ்சு வருஷம் தாங்கும். கரண்ட் போயிட்டாலும் அது பாட்டுக்கு நொடி நொடியா எண்ணிக்கிட்டே இருக்கும்."

"சரி. கரண்ட் வந்தா?"

"வந்தா என்ன? வந்தா வந்துச்சு."

"இல்ல, போனா என்னன்னு யோசிச்சு வச்சிருக்கீங்க. வந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

நான் சிரித்தேன். கல்யாணம் பேசி முடித்த பிறகு நாங்கள் தனியாகச் சந்தித்த முதல் நாள் அது. அவள் மருந்தாளராக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கான்டீன். அவளுக்கு இருபது நிமிட இடைவேளை. அதில் பத்தொன்பது நிமிடம் நான் செய்த கடிகாரத்தைப் பற்றியே பேசியிருந்தேன். மீதி ஒரு நிமிடத்தில் அவள் கேட்டது அந்தக் கேள்வியை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற பெண் போலிருக்கிறதே என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே அவளை என் வேலையிலும் என்னை மருந்துக் கடையிலும் உட்கார வைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. கடையில் நாலு பேருக்கு மாத்திரை மாறிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

நான் நீர்மானிக் கழகத்தில் கருவிப் பிரிவில் இருக்கிறேன். வீடுகளுக்குப் போகும் தண்ணீரை அளக்கிற மீட்டர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கழகத்துக்கு வரும் மனுக்களை வாங்குவது தபால் வரவுப் பிரிவு. அங்கே இருக்கும் அம்மாவை எல்லோரும் முத்திரை அக்கா என்பார்கள். சக்கரம் சுழற்றித் தேதி மாற்றும் ரப்பர் முத்திரை ஒன்று அக்காவிடம் இருந்தது. தினமும் காலையில் வந்ததும் கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துவார், ஒரு துண்டுக் காகிதத்தில் குத்திப் பார்ப்பார், பிறகு வேலையைத் தொடங்குவார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த முத்திரை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அதனால்தான் இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. "சரியா இருக்குங்கறது வேற, நவீனமா இருக்குங்கறது வேற. நமக்கு ரெண்டாவதுதான் முக்கியம்" என்றார் ஊழியர் கூட்டத்தில்.

முத்திரைக்குப் பதிலாக ஒரு இயந்திரம் செய்து தருகிறேன் என்று நான் கையைத் தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு சின்ன பிரின்டர், ஒரு க்ளாக் மாட்யூல். மைக்ரோகன்ட்ரோலர் கெட்டிக்காரச் சில்லு, ஆனால் அதற்கு நேரம் தெரியாது. கரண்ட் போய் வந்தால் அப்போதுதான் பிறந்தது போல விழிக்கும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் சொல்வதுதான் க்ளாக் மாட்யூலின் வேலை. தபால்தலை அளவுப் பலகை, முதுகில் காசு அளவு பேட்டரி. மனுவின் மூலையை இயந்திரத்தின் வாயில் நுழைத்தால் தேதியும் நேரமும் அழகாக அச்சாகும்.

மார்ச் பதினாலாம் தேதி காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கடைசியாக ஒரு முறை ப்ரோக்ராமை ஏற்றினேன். பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் வந்தார். நீல நாடாவை வெட்டினார். இயந்திரத்துக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் அரக்கு வைத்தார்கள். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: "இனி இயந்திரம் காட்டும் நேரமே கழகத்தின் நேரம். இதற்கு மாறான எந்த நேரத்தையும் ஊழியர்கள் வைத்திருத்தல் கூடாது."

என் புகைப்படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கடிகாரத் தம்பி என்று எனக்குப் பெயர் வந்தது. நான் தினமும் அந்தப் பலகை வழியாகச் சுற்றிக்கொண்டு டாய்லெட் போவேன். நேர் வழியும் இருந்தது.

ஜூனில் கல்யாணம் நடந்தது. அவள் ஊர் ஏழு மணி நேரப் பயணம். ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிவிடுகிறேன் என்று மாமனாரிடம் வாக்குக் கொடுத்தேன். கணவன் மனைவி ஒரே ஊரில் வேலை பார்க்க மாற்றல் கேட்கலாம் என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. ஒரே நிபந்தனை, மனுத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். இது ஒரு நிபந்தனையா என்று சிரித்தேன். எனக்கு அப்போதெல்லாம் நிறையச் சிரிப்பு வந்தது.

செப்டம்பரில் இயக்குநர் அறையில் மீன் தொட்டி வைத்தார்கள். கரண்ட் போனால் மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று அதுவரை என் இயந்திரத்தை அணையாமல் பார்த்துக்கொண்ட தபால் பிரிவின் யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குக் கவலையில்லை. என் மாட்யூலுக்குத்தான் பேட்டரி இருக்கிறதே.

மறுவாரம் கரண்ட் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தது. முத்திரை அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, இன்னைக்கு என்ன தேதி?"

"செப்டம்பர் இருபதுக்கா."

"இது மார்ச் பதினாலுங்குது. மணி பதினொண்ணு நாப்பத்திரெண்டாம். மதியச் சாப்பாடு முடிச்சு நான் ஏப்பம் விட்டு ஒரு மணி நேரம் ஆச்சு."

காகிதத்தைப் பார்த்தேன். காது சூடானது. பதினொன்று நாற்பத்திரண்டு என்றதுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

க்ளாக் மாட்யூலுக்கு முதல் முறை யாராவது நேரம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு ப்ரோக்ராமில் ஒரு வரி எழுதுவார்கள்: இந்த ப்ரோக்ராம் கம்ப்யூட்டரில் எந்த நொடியில் தயாரானதோ, அதுதான் இப்போதைய நேரம் என்று வைத்துக்கொள். ஒரு தடவை ஓட விட்டதும் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். இந்த வேலையில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் அழிக்கவில்லை. நாடா வெட்டும்போது எந்தச் சட்டை போடுவது என்ற யோசனையில் இருந்தேன்.

ஆக, நடந்தது இதுதான். கரண்ட் போனது. அந்தக் காசு அளவு பேட்டரி இருட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு நொடி தவறாமல் எண்ணிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தது. எண்ணியதை அது சொல்ல வாயெடுக்கும்போதே என் வரி அதன் மண்டையில் ஒன்று போட்டு, 'அதெல்லாம் கிடையாது, மார்ச் பதினாலு, பதினொன்று நாற்பத்திரண்டு' என்றது.

போனால் என்ன ஆகும் என்று யோசித்திருந்தேன். வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

சரி செய்ய இரண்டு நிமிடம் போதும். என் பையிலேயே லேப்டாப் இருந்தது. ஆனால் பூட்டு இருந்தது, பூட்டின் மேல் அரக்கு இருந்தது. இயக்குநரிடம் ஓடினேன்.

"சார், மெஷினைத் திறக்கணும். நேரம் தப்பாக் காட்டுது."

அவர் மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். "சுற்றறிக்கையைப் படிச்சியா? மெஷின் காட்டறதுதான் நேரம். அப்ப அது எப்படித் தப்பாக் காட்டும்?"

"இல்ல சார், மார்ச்சுனு காட்டுது."

"காட்டுச்சுன்னா மார்ச்சுதான். என்ன காரணம்?"

'நான் ஒரு வரியை அழிக்கவில்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, கதவுக்கு அப்பால் அறிவிப்புப் பலகை, பலகையில் நான். நல்ல சட்டைதான் போட்டிருந்தேன்.

"வோல்டேஜ் ஏறி இறங்குது சார். பேட்டரியும் கொஞ்சம் வீக்கா இருக்கலாம்" என்றேன்.

"எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை இயந்திரத்தில் நுழைத்தார். மார்ச் பதினாலு, பன்னிரண்டு ஐந்து என்று அச்சானது. மூன்றாம் நாள் பதில் வந்தது: "இயந்திரம் துவக்கி வைக்கப்பட்டது மார்ச் 14, பகல் 12.00 மணி. ஐந்தே நிமிடத்தில் அது பழுது என்று மனுதாரர் கூறுவது அவசரப் புத்தி. நிராகரிக்கப்படுகிறது."

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் வந்தது. எல்லோரும் கரண்ட் போனால் அலுத்துக்கொள்வார்கள். நான் மட்டும் வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

அக்டோபரில் ஒருவர் தன் தெருவில் குழாய் உடைந்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார். புகாரில் மார்ச் பதினைந்து என்று அச்சானது. குழாய் உடைந்தது அவர் வந்ததற்கு முந்தின நாள் காலையில். பிரிவு அலுவலர் அவரை உட்கார வைத்து விசாரித்தார்: "குழாய் உடையப் போறது ஏழு மாசம் முன்னாடியே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? தெரிஞ்சும் ஏன் தடுக்கலை?" அந்த மனிதர் இரண்டாவது கேள்விக்குப் பதில் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படி ஆகும்.

தலைமை எழுத்தர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டியவர். விழா நடத்தினோம். ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தோம். மறுநாள் அவரை ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். ஓய்வு ஆணையில் மார்ச் பதினாறு என்று விழுந்திருந்தது. இன்னும் ஏழரை மாதம் சர்வீஸ் பாக்கி. மனிதர் சாப்பாட்டு டப்பாவுடன் வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். பரிசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சரியான நேரம் காட்டுகிறது என்ற காரணத்தால் அதை அலுவலகச் சுவரில் மாட்டவும் அனுமதி கிடைக்கவில்லை.

"என்னைக்கு தம்பி நான் வீட்டுக்குப் போறது?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். கோபமே இருக்காது. அதுதான் தாங்க முடியாது.

நவம்பரில் என் மாற்றல் மனுவைக் கொடுத்தேன். கரண்ட் போகாத நாளாகப் பார்த்துத்தான் கொடுத்தேன், ஆனால் அது முந்தின நாள் போயிருந்தது. பதில்: "மனுத் தேதியான மார்ச் 15 அன்று மனுதாரருக்கு மனைவி இல்லை."

கல்யாணப் பதிவுச் சான்றிதழை இணைத்து இரண்டாவது மனு கொடுத்தேன். பதில்: "மனுத் தேதிக்கு மூன்று மாதம் பிந்தைய சான்றிதழ். போலி எனக் கருத இடமுண்டு. இம்முறை எச்சரிக்கையுடன் விடப்படுகிறது."

இதை போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"எங்க கடையில தேதி தப்பா இருந்தா மருந்தைத் தூக்கிப் போடுவோம். உங்க ஆபீஸ்ல ஆளைத் தூக்கிப் போடுவாங்களா?"

"வோல்டேஜ் பிரச்சினைம்மா."

"ம்" என்றாள். மருந்துச் சீட்டில் டாக்டர் கையெழுத்து புரியாதபோது சொல்வாளே, அந்த 'ம்'.

ஜனவரியில் என் வோல்டேஜும் வீக் பேட்டரியும் மேலிடத்தில் கவனிக்கப்பட்டு, மூன்று பேர் கொண்ட பேட்டரி விசாரணைக் குழு வந்தது. சாட்சிகள் முன்னிலையில் பூட்டைத் திறந்தார்கள். நான் ஒரு கை தூரத்தில், லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். செய்தவனே தொட்டால் பாரபட்சம் வரும் என்று கிட்டே விடவில்லை. குழுத் தலைவர் பேட்டரியைச் சாமணத்தால் எடுத்தார், ஒரு கவரில் போட்டார், மூடி அரக்கு வைத்தார்.

"தம்பி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

இரண்டு நிமிட வேலை. ஒரு வரி. முத்திரை அக்கா மேஜைக்குப் பின்னாலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன்.

அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். "பேட்டரியை நீக்கிய பின்னும் இயந்திரம் முன்போலவே இயங்குகிறது. எனவே பேட்டரி இதுநாள்வரை எந்தப் பணியும் செய்யவில்லை என்பது நிரூபணமாகிறது. பேட்டரி தன் தரப்பு விளக்கம் எதையும் அளிக்கவில்லை." பேட்டரி நிரந்தரமாகப் பணி நீக்கம் செய்யப்பட்டது. அந்த வேலையில் தவறு செய்யாத ஒரே ஆள் அதுதான். நான் இன்னும் பலகையில் இருந்தேன்.

ஏப்ரலில் மூன்றாவது மனு. இந்த முறை அவளுடைய மருத்துவச் சான்றும் இருந்தது: ஏழு மாதம், ஜூன் நடுவில் பிரசவம். அதற்குள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் உருகியிருந்தேன். பதிலாக விளக்கம் கேட்டு மெமோ வந்தது: "திருமணத்துக்கு மூன்று மாதம் முன்னரே ஏழு மாதக் கர்ப்பிணியின் கணவர் எனச் சான்று அளித்திருப்பது நன்னடத்தை விதிகளுக்குப் பொருந்துமா?"

தலைமை எழுத்தர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "கணக்குப் பாத்தா கல்யாணத்தன்னைக்கு உங்க பிள்ளைக்கு ஒரு மாசம் ஆகியிருக்கணுமே" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே கணக்குப் பார்த்துச் சொன்னார்.

அன்றைக்கு நான் அவளிடம் போனில் உண்மையைச் சொன்னேன். வோல்டேஜ் இல்லை, பேட்டரி இல்லை, ஒரு வரி.

"ஒரு வரியா?"

"ஒரே வரி."

"அதை அழிக்க எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்."

"அந்த ரெண்டு நிமிஷத்துக்காக நான் இங்க ஏழு மாசமா தனியாப் படி ஏறி இறங்கறேன். அந்தப் பெரிய மனுஷன் ஓய்வு வாங்கியும் டப்பாவைத் தூக்கிட்டு வர்றார். ஏன் சொல்லலை?"

"போட்டோ ஒட்டியிருந்தாங்க."

அவள் சிரித்தாள். திட்டியிருக்கலாம்.

"இனிமே எதையும் எழுதாதீங்க. நீங்க எழுதறதெல்லாம் அந்த மெஷினுக்குள்ளதான் போகும். வாயைத் திறந்து கேளுங்க. இது நாள் வரைக்கும் யாரையாவது வாயால கேட்டிருக்கீங்களா? என்னைக் கட்டிக்கறியான்னுகூட உங்க அப்பாதான் கேட்டார்."

அது உண்மைதான்.

மே மாதம் எங்கள் கழகத்துக்கு விருது அறிவித்தார்கள். மனுக்கள் மீது மிக விரைவாக நடவடிக்கை எடுத்த அலுவலகம். பதில்களுக்கும் அதே இயந்திரம்தான் தேதி போடுகிறது. கீழ்த்தளக் கூடத்தில் காலையில் விழா. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவளிடமிருந்து போன். டாக்டர் பார்த்தாராம், ஜூன் வரை போகாது, இந்த வாரமே இருக்கலாம் என்றாராம். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. பயப்படும்போது அவள் குரல் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு ஏற்புரை இருந்தது. எழுதி, அனுமதிக்கு அனுப்பி, திரும்ப வந்திருந்தது. கடைசியில் "என் மனைவிக்கு நன்றி" என்று இருந்ததைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் 'பதிவேட்டில் இல்லை' என்று குறித்திருந்தார்கள்.

கூடத்துக்குள் நுழையும்போது முத்திரை அக்கா என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைத் திணித்தார். பிரித்தேன். ரப்பர் முத்திரை. அன்றைய தேதி, சரியான வருடம், ஊதா மை இன்னும் ஈரமாக.

"இன்னும் சுத்தறீங்களாக்கா?"

"தினமும் காலையில. டிராயருக்குள்ள வச்சு" என்றார். "கரண்ட் போனா எனக்கென்ன, வந்தா எனக்கென்ன?"

இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"மற்ற அலுவலகங்கள் மனு வந்து முப்பது நாளில் பதில் தருவதைப் பெருமையாகச் சொல்கின்றன. நாம் கடந்த ஆண்டில் மட்டும் நூற்று நாற்பது மனுக்களுக்கு, அவை வருவதற்கு முன்பே பதில் அளித்திருக்கிறோம். மக்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே மறுத்துவிடும் ஆற்றல் படைத்த ஒரே அலுவலகம் நம்முடையது. சிலர் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். நாம் நேரத்துக்கு ஆணையிட்டோம், அது கீழ்ப்படிந்தது. எட்டு மாதமாக இந்த அலுவலகம் ஒரு நாள்கூட முன்னால் போகவில்லை என்பதை நான் பெருமையுடன்—"

கரண்ட் போனது.

மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. மேலே மீன் தொட்டி யூபிஎஸ்ஸின் 'கீக்' சத்தம் கேட்டது. இயக்குநர் உயிரில்லாத மைக்கை இரண்டு முறை ஊதினார். பிறகு வெறும் குரலில், "பரவாயில்லை. கரண்ட் வர்ற வரைக்கும் நம்ம கடிகாரத் தம்பி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று கேடயத்தை என் கையில் கொடுத்தார்.

எழுந்து நின்றேன். மேலே தபால் பிரிவில் என் இயந்திரம் அணைந்து கிடப்பது என் முதுகுக்குத் தெரிந்தது. இப்போது இந்தக் கட்டடத்தில் எந்தத் தேதியும் இல்லை. அக்கா கொடுத்த துண்டுக் காகிதம் மட்டும்தான். கரண்ட் வந்துவிட்டால் மறுபடி சென்ற மார்ச் பதினாலு, பதினொன்று நாற்பத்திரண்டு. எனக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. பேசுவதென்றால் வருவதற்குள் பேசியாக வேண்டும்.

ஏற்புரையை மடித்துப் பையில் வைத்தேன்.

"சார், அந்த பேட்டரி நல்ல பேட்டரி. அது ஒரு தப்பும் பண்ணலை."

யாரோ கைதட்டினார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"வோல்டேஜும் காரணமில்லை. ப்ரோக்ராம்ல ஒரு வரியை நான் அழிக்காம விட்டுட்டேன். கரண்ட் வரும்போதெல்லாம் அது கடிகாரத்தைப் போன வருஷ மார்ச்சுக்கு இழுத்துட்டுப் போயிடுது. முதல் நாளே எனக்குத் தெரியும். பலகையில என் போட்டோ இருந்துச்சு, அதனால சொல்லலை. அந்த போட்டோவைக் கழட்டிடுங்க. தலைமை எழுத்தர் சாரை வீட்டுக்கு விட்டுடுங்க. மெஷினைத் திறந்து விட்டா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

பின்வரிசையில் தலைமை எழுத்தர் சாப்பாட்டு டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இயக்குநரின் முகம் மாறவேயில்லை. முன்னால் சாய்ந்து, என்னிடம் மட்டும் பேசுவது போல, "இதையெல்லாம் எழுதிக் கொடு தம்பி. பரிசீலிக்கலாம்" என்றார்.

"எழுத மாட்டேன் சார். எழுதினா அச்சடிப்பீங்க."

கேடயத்தை மேஜையில் வைத்தேன். துண்டுக் காகிதத்தில் இருந்த ஊதா மை என் விரலில் ஒட்டியிருந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார். இந்த வாரம் குழந்தை பிறக்கப் போகுது. அவ அங்க தனியா இருக்கா. என்னை அவகிட்ட அனுப்புங்க."